அம்மாவின் காலும் என் வெள்ளைப் பூச்சும்

“என் மக ஒரு தகடு செஞ்சிட்டிருக்கா டாக்டர். அது முடியட்டும். அதைத்தான் நான் வச்சுக்குவேன்” என்று அம்மா சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எலும்பு டாக்டர் வெளிச்சப் பெட்டியில் செருகியிருந்த எக்ஸ்ரேயை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அமோனியா நாற்றத்தோடு திரிகிற ஒருத்தியை நம்பி ஒரு மனுஷி தன் தொடை எலும்பைக் காத்திருக்கச் சொன்னால், எந்த டாக்டர்தான் திரும்பிப் பார்க்கமாட்டார்?

எண்பதுகளின் பிற்பாதி அது. அம்மா மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். உசிலம்பட்டியில் நடந்த விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பும்போது, பஸ் நிற்பதற்கு முன்னாலேயே அம்மா இறங்கிவிட்டாள். ஓடுகிற பஸ்ஸில் ஏறாதே, இறங்காதே என்று ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் விசில் ஊதிச் சொன்னவள். ஊருக்குத்தான் உபதேசம்! தொடை எலும்பு இரண்டாகப் போனது. ஆபரேஷன் செய்து, எஃகுத் தகடு ஒன்றை எலும்போடு வைத்துத் திருகாணிகளால் முடுக்கினார்கள். ஒரு வருஷத்துக்குமேல் ஆகியும் எலும்பு கூடவில்லை. திருகாணிகள் இளகிப்போய்த் தகடு ஆட ஆரம்பித்துவிட்டது.

“பழசை எடுத்துட்டு வேற தகடு வைக்கணும். இடுப்புலேருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து உடைஞ்ச இடத்துல வைக்கணும்” என்றார் டாக்டர். “தள்ளிப்போட்டீங்கன்னா கால் குட்டையாயிரும். தகடு உள்ளேயே உடைஞ்சாலும் உடைஞ்சிரும். அதுக்கப்புறம் கம்பு இல்லாம நடக்கிறதை மறந்துர வேண்டியதுதான் டீச்சர்.”

அதற்குத்தான் அம்மா அந்தப் பதிலைச் சொன்னாள்.

என் தகடு என்ன தகடு என்று சொல்லிவிடுகிறேன். வேண்டாத பொண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்களே, எலும்புக்கு உலோகம் அப்படித்தான். எத்தனை நல்ல எஃகாக இருந்தாலும் எலும்பு அதைத் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்ளாது. நடுவில் ஒரு சவ்வை வளர்த்துத் தள்ளியே வைத்திருக்கும். ஆனால் எலும்பு எந்த உப்பால் ஆனதோ அதே உப்பை உலோகத்தின்மேல் மெல்லிசாகப் பூசிவிட்டால், எலும்பு அதைச் சொந்தம் என்று நினைத்து வந்து பிடித்துக்கொள்ளும். வெளிநாடுகளில் அப்போதுதான் இதைச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் பேராசிரியர் ஏதோ ஒரு சஞ்சிகையில் படித்துவிட்டு, நாமும் செய்து பார்ப்போமே என்று என் தலையில் கட்டியிருந்தார்.

அந்த உப்புக்கு ஹைட்ராக்ஸி அபடைட் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் அதைச் சொல்லப் பொறுமையில்லை. ‘மாவு’ என்போம். கால்சியம் நைட்ரேட் கரைசலில் பாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அமோனியா சேர்த்துக் கிண்டினால் வெள்ளையாக வந்து படியும். அதைக் கழுவி, காயவைத்து, அரைத்து, ஆல்கஹாலில் கலக்கி, அதற்குள் விரல் நீள எஃகுத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால் மாவு போய்த் தகட்டில் அப்பிக்கொள்ளும். பிறகு ஆர்கான் வாயு ஓடுகிற குழாய் உலையில் வைத்துச் சுட வேண்டும். சுட்டு எடுத்தால் தலைமுடியைவிட மெல்லிய பீங்கான் தோல் ஒன்று தகட்டின்மேல் நிற்க வேண்டும். நிற்காது. அதுதான் என் ஆராய்ச்சி.

கால் உடைவதற்கு முன்பு அம்மா இதைக் கேலிதான் செய்வாள். “வெள்ளையடிக்கிறதுக்கா இம்புட்டுப் படிச்சே? திருப்பரங்குன்றத்துல ஒரு கொத்தனார்ட்ட விட்டா அரை நாள்ல முடிச்சிருப்பானே” என்பாள். அப்படிப்பட்டவள், இரண்டாவது ஆபரேஷன் என்ற பேச்சு வந்த அன்றே என் வெள்ளைப் பூச்சுக்குப் பரம பக்தையாகிவிட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நானும் கொஞ்சம் பூரித்துத்தான் போனேன். பொய் சொல்வானேன்!

ஆட்டோவில் ஏறியதும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா? அதை எலிக்கு வச்சுப் பாக்கணும், முயலுக்கு வச்சுப் பாக்கணும். மனுஷங்களுக்குன்னு வர்றதுக்கு எத்தனையோ வருஷம் ஆகும்.”

“எனக்கு வச்சுப் பாரு மொதல்ல. நான் என்ன எலியைவிடக் கேவலமா?”

“வெளையாடாதம்மா.”

“ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்க மாட்டேனா? நீ செஞ்சு முடி. நான் இருக்கேன்ல?”

தலைமையாசிரியை வந்து சொல்லிப் பார்த்தார். பாஸ்டர் வந்து ஜெபித்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். அடுத்த வீட்டு அக்கா தினம் ஒரு தடவை சொன்னார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: “என் மக தகடு வரட்டும்.” கடைசியில் நான் ஒரு பேரம் பேசினேன். என் பூச்சு தகட்டில் உரியாமல் ஒட்டி நின்றுவிட்டால் அதைக் கொண்டுவந்து காட்டுவேன். அதைக் கண்ணால் பார்த்த மறுநாள் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். டாக்டர் எந்தத் தகட்டைச் சொல்கிறாரோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். என் தகட்டை அவள் காலில் வைக்கிற பேச்சே கிடையாது. ஆனால் ஒட்டும்வரை நச்சரிக்க மாட்டேன்.

“ஒட்டட்டும், பாக்கலாம்” என்றாள்.

“ஒட்டினா வரணும்.”

“வாரேன்னு சொல்லிட்டேன்ல.”

அதற்குப் பிறகு என் ஆராய்ச்சி என்னுடையதாக இல்லை. பட்டம், கட்டுரை எல்லாம் பின்னால் போய்விட்டன. பூச்சு ஒட்டினால் அம்மா நடப்பாள், ஒட்டாவிட்டால் நடக்கமாட்டாள் என்று ஆகிப்போனது. பைத்தியக்காரக் கணக்குத்தான். ஆனால் பேசியது நான்தானே.

எமரித்தாளில் தகடுகளைத் தேய்ப்பது இருக்கிறதே, அது கையை முறிக்கிற வேலை. முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குள் வைத்துவிட வேண்டும். அதற்குப்பின் விரல் படக்கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப்பசை போதும், பூச்சு கெட்டுப்போகும். சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு முன்பு ஜாடி நிறையத் தகடுகளைத் தேய்த்து வைத்துவிட்டேன். விடுமுறை முடிந்து வந்து ஒரே மூச்சில் பூசிவிடுவதாகத் திட்டம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் விடுமுறைக்கு முந்தின நாளே பூஜை போட்டுவிடுவார்கள். உலை, தராசு, நுண்ணோக்கி, ஸ்குரூ டிரைவர் வரை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றாலும் ஒவ்வொரு வருஷமும் நான் ஓரமாக நின்று, பொரியும் கடலையும் அவலும் இரண்டு பங்காக வாங்கிக்கொண்டுதான் வருவேன். அந்த வருஷம் அம்மாவுக்கு வலி அதிகம் என்று மத்தியானமே கிளம்பிவிட்டேன்.

விடுமுறை முடிந்து வந்து பூசினேன். சுட்டேன். எடுத்துப் பார்த்தால், தகட்டின் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கொப்புளம். நகத்தால் லேசாகத் தட்டினேன். அந்த வட்டத்திலிருந்து விரிசல் கிளம்பி, காய்ந்த கஞ்சிமாதிரி முழுப்பூச்சும் உரிந்து வந்துவிட்டது.

சரி, ஒன்று அப்படித்தான் என்று அடுத்ததைப் பூசினேன். அதிலும் நடுவில் வட்டம். அதற்கடுத்ததிலும். பேராசிரியர் மாவு சரியில்லை என்றார். புதிதாக மாவு செய்தேன். வோல்ட்டைக் குறைத்தேன். உலையை மெதுவாக ஏற்றினேன், மெதுவாக இறக்கினேன். எதைச் செய்தாலும் அந்தச் சனியன் பிடித்த வட்டம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் ஆத்திரத்தில் ஒரு தகட்டைச் சுவரில் வீசியெறிந்துவிட்டு, நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

“என்ன, ஒட்டுச்சா?”

“இல்ல.”

“அடடா. சரி விடு, போகுது” என்பாள். முகம் என்னவோ மலர்ந்துதான் இருக்கும். கம்பை ஊன்றி அடுப்படிக்குப் போய், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எனக்குச் சுடச்சுட முட்டைத்தோசை வார்த்துத் தருவாள். நான் சோர்ந்துபோகக்கூடாது என்று என்னைத் தேற்றுகிறாள் என நினைத்து, தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்படி ஒரு தாயா என்று அழுகைகூட வரும்.

ஆனால் கால் காத்திருக்கவில்லை. ஒரு கம்பு இரண்டு கம்பானது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. ஒருநாள் வாசலில் அவளுடைய செருப்பைப் பார்த்தேன். ஒரு செருப்புக்கு மட்டும் அடியில் இன்னொரு தோல் வைத்துத் தைத்திருந்தது. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் எனக்குத் தெரியாமல் கொடுத்து வாங்கியிருக்கிறாள். டாக்டர் சொன்னது நடக்க ஆரம்பித்துவிட்டது. அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினேன்.

“கால் குட்டையாயிட்டு வருதும்மா! இதுக்குமேல என்னத்துக்குக் காத்திருக்கே? வா போவோம். பேரமும் வேணாம் ஒண்ணும் வேணாம்.”

“பேச்சுன்னா பேச்சுத்தான். ஒட்டிருச்சுன்னா வாரேன்” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் கூடத்தில் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். சமயநல்லூர்க்காரர். கூடப்பிறந்த அண்ணன்மாதிரி. அவர் வேலை வேறு, கண்ணாடிகளைப் பற்றியது. அதனால் என் தகடுகளை அவர் அதிகம் பார்த்ததில்லை. அன்று காலையில் நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வந்து, விளக்கடியில் கிடந்த தகடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, இந்த வட்டம் எல்லாத்துலயும் நடுவுலதான் வருதா?”

“ஆமாண்ணே. அளந்து வச்ச மாதிரி.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“நான்தான் ஆத்தா வச்சேன்” என்றார்.

“எதைண்ணே?”

“பொட்டு.”

பூஜையன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், என் மேசைக்கு வந்ததும் யோசித்திருக்கிறார். பாவம், தங்கச்சி அம்மாவுக்காக நாயாய் உழைக்கிறது, அதன் தகடுகளை மட்டும் விட்டுவிட்டால் எப்படி? ஜாடியைத் திறந்து, ஒவ்வொரு தகட்டையும் வரிசையாக அடுக்கி, நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருக்கிறார். ஒன்றுகூட விடவில்லை. நல்ல மனசு!

“அப்ப நான் வந்தப்போ பொட்டு இல்லையேண்ணே?”

“சார்தான் சொன்னாரு. அந்தப் பொண்ணு வேதக்காரங்க வீட்டுப் பிள்ளை, பாத்தா மனசு சங்கடப்படும்னு. எனக்கும் சரிதான்னு பட்டுச்சு. அதான் நீ வர்றதுக்குள்ள வந்து, ஈரத்துணியால நல்லா அழுத்தித் துடைச்சு, பழையபடி ஜாடியில போட்டு மூடிட்டேன்.”

சந்தனத்தின் பிசுக்கும் குங்குமத்தின் எண்ணெயும் துணிக்குப் போகுமா? கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே இருந்து, உலையில் சூடேறியதும் புகைந்து, மேலே உள்ள பூச்சைத் தள்ளிக்கொண்டு கொப்பளித்திருக்கிறது. பொட்டை அப்படியே விட்டிருந்தால் பார்த்த உடனே அசிட்டோனில் கழுவியிருப்பேன். என் மனசு நோகக்கூடாது என்று துடைத்ததில்தான் எல்லாம் போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கடித்துக் குதறியிருக்க வேண்டும். அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பேராசிரியர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மிச்சமிருந்த தகடுகளை இரண்டு பேருமாக உட்கார்ந்து மறுபடியும் தேய்த்தோம். அண்ணன் சுடச்சுட டீ இருக்கிற கிளாஸைக்கூட அத்தனை பதமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. அப்படி இடுக்கியால் பிடித்துக் கழுவினார். பூசினோம். சுட்டோம். உலையிலிருந்து வந்த தகடு முழுக்க ஒரே வெள்ளை. நகத்தால் கீறினேன், வரவில்லை. ஒட்டுத்தாளை ஒட்டிப் பிய்த்தேன், வரவில்லை. இரும்புக் கம்பியின்மேல் வைத்து வளைத்தேன். மயிரிழை போல விரிசல்கள் ஓடின. ஆனால் பூச்சு தகட்டை விடவில்லை. அண்ணன், “போ, போ, அம்மாகிட்டக் காட்டு, வெரசாப் போ” என்று என்னைத் துரத்தாத குறைதான்.

சாயங்கால வெயில் இன்னும் தெருவில் இருந்தது. அம்மா வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தேன்.

“ஒட்டிருச்சும்மா! ஒட்டிருச்சு!”

அம்மாவின் கை நின்றது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சந்தோஷத்தில் இப்படியும் ஆகும்போல என்று நினைத்து நான் தகட்டை அவள் கையில் வைத்தேன். அவள் நகத்தால் கீறிப் பார்த்தாள். அப்புறம் கத்தி முனையால் கீறினாள். ஒன்றும் வரவில்லை.

“நல்லாப் பாத்தியா? நாளைக்கு உரிஞ்சிராதா?”

“உரியாது. எப்படி வேணா கீறிப் பாரு.”

“இன்னும் ஒரு தடவை செஞ்சு பாத்துட்டு வேணா...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. வெங்காயத் தட்டை மடியிலிருந்து தள்ளிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தோள் குலுங்க அழுதாள். அப்பா போனபோதுகூட என் எதிரில் அழாதவள்.

“ஒட்டக்கூடாதுன்னு ஜெபம் பண்ணினேன்டி” என்றாள். “தெனமும் பண்ணினேன். ஆண்டவரே, அது ஒட்டவே கூடாதுன்னு. உன் படிப்பு கெட்டாலும் பரவால்லைன்னு கேட்டேன்டி. நீ மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு வர்றப்பல்லாம் எனக்கு உயிர் வந்துச்சு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முட்டைத்தோசைகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தன. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இத்தனை நாள் நான் பட்ட பாடு என்ன, இவள் செய்த காரியம் என்ன!

“ஏம்மா? ஏன்?”

“முதுகுல ஊசி போட்டுத்தானே அன்னைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போச்சு. நான் முழிச்சுட்டுத்தான் கெடந்தேன். நடுவுல ஒரு துணியைக் கட்டி மறைச்சிட்டாங்க. அந்தப் பக்கம் துளை போடுற சத்தம். அப்புறம் சுத்தியல். ஒவ்வொரு அடிக்கும் என் தலை ஆடுது. அது என் எலும்புன்னு எனக்குத் தெரியுது.”

“வலிச்சுச்சா?”

“வலிக்கலடி. வலிச்சாக் கத்தலாம்ல? வலியே இல்ல. என்னன்னு சொல்லிக் கத்துறது?”

நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். இதை ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். எத்தனை பிள்ளைகளை, பயப்படாதே, குதி குதி என்று விரட்டியிருக்கிறேன், எனக்குப் பயம் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வேன் என்றாள். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் குட்டையான காலைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அடுத்த வீட்டு அக்கா ஓடிவந்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அவரும் அழ ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் நான் மட்டும் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “இதை அன்னைக்கே சொல்லியிருக்கக்கூடாதா? முழுசாத் தூங்க வச்சிரலாமே. கொஞ்சம் ரிஸ்க் ஜாஸ்தி, ஆனா டீச்சருக்கு நல்ல இதயம், தாங்கும்” என்றார். அவ்வளவுதான். நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஆகவே அவரும் சொல்லவில்லை. இடையில் ஒரு கால் குட்டையாகிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு வைத்தது பூச்சு எதுவும் இல்லாத சாதாரண எஃகுத் தகடுதான். எலும்பு கூடியதும், குட்டையானது குட்டையானதாகவே நிற்க, அவள் விந்தி விந்தி மைதானத்துக்குத் திரும்பிப் போனதும் பிற்பாடு நடந்தவை. ஆபரேஷன் அன்று காலையில் தள்ளுவண்டியில் ஏறிப் படுத்தவள் என் கையை விடவில்லை. கதவுவரைக்கும் கூடவே ஓடினேன். நர்ஸ் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் என்னை வெளியே அனுப்பினார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக, வார்த்தை இல்லாமல் ஜெபம் செய்தேன்.

மத்தியானம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தொடை முழுக்கக் கட்டு. முகம் வெளுத்துக் கிடந்தது. வெகுநேரம் கழித்து மயக்கம் தெளிந்து இமை அசைந்தது. என்னைக் கண்டுகொண்டதும் அவள் கை என் மணிக்கட்டை வந்து இறுக்கிப் பிடித்தது. உதடு காய்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தைரியமாக இருப்பவள்போல, என்னிடம் கேட்டாள்.

“எப்பத்தான்டி ஆரம்பிப்பாங்க?”